சுவருக்கு வராத சித்திரங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அக்காலத்தில் சித்திரம் எழுத விரும்பியவனுக்குச் சுவரே முதற்கவலை. இன்றைய நிலைமையோ வேறு. எங்கள் தெருவில் கூரை வீடுகள் போய்த் தளம் போட்ட வீடுகள் வந்துவிட்டன; சுவருக்குப் பஞ்சமில்லை. சித்திரத்திற்கும் பஞ்சமில்லை, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி, ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். இருந்தும் சுவர் ஒரு பக்கம் வெறுமையாய் நிற்கிறது. படங்கள் ஒரு பக்கம் இருட்டில் கிடக்கின்றன. இரண்டும் சந்திப்பதே இல்லை. இது ஏன் என்று என்றேனும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது சென்ற ஆண்டு ஆடி மாதத்தில். என் அப்பாயி காலமானார். பதினாறாம் நாள் காரியத்திற்குள் சட்டம் போட்ட படம் ஒன்று வேண்டும் என்றார் அப்பா. வீட்டில் படித்தவன் நான். கைப்பேசியும் என்னிடம்தான் இருக்கிறது. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கைப்பேசியைத் திறந்தேன். 3,146 படங்கள் இருந்தன. கல்லூரி விழாவில் நண்பர்களுடன் எடுத்தவை, தேநீர்க் கடையில் எடுத்தவை, ஆய்வகப் பதிவேட்டில் பிறர் எழுதியதைப் பார்த்தெழுத எடுத்தவை (வேதியியல் துறைப் பேராசிரியர்கள் இவ்வரியை மன்னிக்க வேண்டுகிறேன்), ஒரே முகத்தைப் பதினொரு கோணங்களில் எடுத்தவை. அந்த முகம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும், முறத்தில் அரிசி புடைக்கும்போதும், பிறந்த நாள் முதல் என் கண் முன்னேயே இருந்த அப்பாயியின் படம் அதில் ஒன்றுகூட இல்லை!

ஆதார் அட்டையில் அப்பாயி இருந்தார். குடும்ப அட்டையில் இருந்தார். வாக்காளர் அட்டையிலும் இருந்தார். மூன்றிலும் பயந்துபோய் இருந்தார். அவர் படம் வேறோரிடத்திலும் இருந்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருவோரைக் களத்தில் நிறுத்தி, நாளொன்றுக்கு இருமுறை கைப்பேசியில் படம் எடுத்து வருகையைப் பதிவு செய்வது 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த வரிசையில் அப்பாயியும் மண்வெட்டியோடு நின்றவர்தாம். அரசாங்கம் அவரை நாளுக்கு இருமுறை படம் எடுத்தது; பேரன் ஆயுளில் ஒரு முறையும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. அத்தை மகள் திருமண மேடையில் உறவினர் இருபது பேர் நின்ற படம். அதன் ஓரத்தில் அப்பாயி. எடுத்தவரின் கைப்பேசி கிணற்றுக்குள் விழுந்து ஓராண்டு ஆகியிருந்தது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த நகல் மட்டுமே மிச்சம். அதைத்தான் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

இரண்டு நாளில் படம் தயாராகிவிட்டது. பெரிய படம், 12 அங்குலத்திற்கு 18 அங்குலம். அதில் அப்பாயி சிவப்புப் பட்டுப் புடவையும் அட்டிகையும் அணிந்து, நீலத் திரைக்கு முன் அமர்ந்திருந்தார். தலை மட்டுமே அவருடையது. உடம்பு கணினியில் ஏற்கெனவே இருந்த யாரோ ஒருவருடையது. மாநிறத்தையும் தாண்டிக் கறுத்த அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கங்களைக் காணோம். அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எங்கம்மா மாதிரி இல்லையேப்பா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தோம். இன்றும் எங்கள் வீட்டில் மாலையும் பொட்டும் சின்னச் சிவப்பு விளக்குமாக அந்தப் படம்தான் தொங்குகிறது.

ஸ்டுடியோக்காரரை நான் குறைகூற மாட்டேன். அவர் என்ன செய்வார்? கணக்கைப் பாருங்கள். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை நீளவாக்கில் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருக்கிவிடுகிறது. இருபது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்தின் அகலத்திற்கு 65 புள்ளிகள் கிடைத்தால் பெரிது. அந்த 65 புள்ளிகளை 5 அங்குல முகமாக இழுத்தால் அங்குலத்திற்குப் பதின்மூன்றே புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு. கடுகைப் பரப்பி முகம் செய்தால் சுருக்கம் எங்கே தெரியும்? இல்லாததை இட்டு நிரப்பத்தான் பட்டுப் புடவையும் நீலத் திரையும் வந்தன. குற்றம் அவருடையதன்று, அப்பாயி உயிரோடிருந்தபோது கைப்பேசியை என் பக்கமே திருப்பி வைத்திருந்த என்னுடையது.

ஆகவே நண்பர்களே, இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். நம் வீட்டு மனிதர்களை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் செய்யும் தொழிலோடும் உடுத்தும் உடையோடும் படம் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். இது பணக்காரர் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். ஒரு முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போனால் நம் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூலியில் இது முடிந்துவிடும் என்பதை என் அனுபவத்தால் பின்னர்க் காட்டுகிறேன்.

சுவரில் இடம் பிடித்தவர்கள்

ஏழை வீட்டுச் சுவருக்குப் படம் வந்ததே அச்சு வந்த பிறகுதான். தஞ்சாவூர் ஓவியம் தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதித்தது. அரண்மனைக்கும் செல்வர் இல்லத்திற்கும் உரியதாயிற்று. ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவித் தம் ஓவியங்களை வண்ணப் படங்களாக அச்சிட்டு விற்கத் தொடங்கிய பிறகு, இலக்குமியும் சரசுவதியும் எளிய மக்களின் வீட்டுக்குள் வந்தார்கள். நம் பக்கத்தில் அப்பணியைச் செய்தவை சிவகாசி நாட்காட்டிகள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் அந்த நாட்காட்டிகள் வழியே எத்தனையோ குடிசைகளில் தொங்கின. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு வைப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். மலிவான அச்சுப் படமும் மதிப்புக்குரிய சுவர்ச் சித்திரமாக முடியும் என்பதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

தெய்வங்களுக்குப் பிறகு தலைவர்கள் வந்தார்கள், நடிகர்கள் வந்தார்கள். முடிதிருத்தும் கடைகளில் பனிமலை வந்தது. இப்போது ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடி வருகின்றன. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் அந்தக் குதிரைகள் உள்ளன. செல்வம் இன்னும் வந்தபாடில்லை. குதிரைகள் வழி தவறிவிட்டன போலும்!

கும்பிட்ட தெய்வம் வந்தது, காணாத மலை வந்தது, ஓடாத குதிரை வந்தது. உழைத்து அந்தச் சுவரை எழுப்பியவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. அவர்களுக்கு இடம் கிடைப்பது இரண்டே வேளைகளில். ஒன்று திருமணம், மற்றொன்று மரணம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. தனியாக ஒருவர் படம் சுவரில் தொங்கினால் அவர் இல்லை என்று பொருள் கொள்வது நம் வழக்கம். வயதானவர்களைப் படம் எடுக்கப் போனால், "என்ன, இப்பவே தயார் பண்ணுறியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் வேடிக்கையும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்திற்கு மதிப்பளித்துப் படம் எடுக்காமல் விட்டதன் விளைவு என்ன? கடுகு முகமும் கடன் வாங்கிய உடம்பும்! இறந்தவர்க்கு மட்டும் சுவர் என்னும் வழக்கம், இறந்தவரின் உண்மை முகத்தையே நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. வீட்டிலுள்ள எல்லோர் படங்களும் சுவரில் இருந்துவிட்டால் தனிப்படம் என்றாலே சாவு என்ற எண்ணம் தானாக மறையும்.

நம் ஊரில் கைப்பேசிப் படம் பெரிதாகும் இடம் இன்னொன்றும் உண்டு. அது பிளெக்ஸ் தட்டி. காதணி விழா, பூப்பு நீராட்டு விழா, திருமணம், கண்ணீர் அஞ்சலி என எதற்கும் தட்டி. பத்தடிக்கு எட்டடியில் சிரிக்கும் முகங்கள்! மூன்றாம் நாள் அது கழற்றப்பட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிறது. எங்கள் ஊர் ஆடுகள் எத்தனையோ அண்ணன்மாரின் புன்னகைக்குக் கீழே உறங்குகின்றன. இரண்டு நாள் தெருவுக்குக் காட்ட ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், இருபது ஆண்டு வீட்டுக்குள் பார்க்க முந்நூறு ரூபாய்க்கு யோசிக்கிறோம்.

செய்யும் முறை

செய்முறை சொல்லாமல் கருத்து மட்டும் சொன்னால் அது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. நான் தவறு செய்து கற்றவற்றைச் சொல்லுகிறேன்.

படம் எடுக்கும் முன் கைப்பேசியின் கண்ணைத் துடைக்க வேண்டும். சிரிக்காதீர்கள்! விரல் எண்ணெய் படிந்த கண்ணாடியால் மங்கிய படங்கள் என்னிடம் நூறாவது இருக்கும். அடுத்தது வெளிச்சம். நண்பகல் வெயிலில் கண்குழி கறுத்துவிடும்; ஃபிளாஷ் போட்டால் முகம் எண்ணெய் வடிந்தாற்போல் இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ, வாசற்படியில் அல்லது திண்ணையில் உட்கார வைத்தால் போதும். திரையில் இரு விரல் வைத்துப் பெரிதாக்கி எடுக்காமல், இரண்டு அடி முன்னே நடந்து போங்கள். கைப்பேசி பெரிதாக்குவது பெரும்பாலும் ஓரத்தை வெட்டி எறிவதே, புள்ளிகள்தாம் குறையும்.

முகத்தை மெருகூட்டும் வசதி கைப்பேசியில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இதை நான் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அந்த வசதிக்கு அழகு என்றால் வெளுப்பு, வழவழப்பு. வெயிலில் உழைத்த முகத்தை அது ஒரு பிழையாகக் கருதித் திருத்துகிறது. இந்தப் பழக்கம் புதிதுமன்று. பிலிம் காலத்தில் வண்ணம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அளவுகோல் அட்டை அனுப்பும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் பல்லாண்டுக் காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! அந்த அட்டை போயும், "கொஞ்சம் கலர் ஏத்தி விடட்டுமா?" என்ற கேள்வி நம் ஸ்டுடியோக்களை விட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டும்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பக் கூடாது. 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் சுருங்காமல் போகும். பென் டிரைவில் கொண்டு போவது இன்னும் நல்லது.

எவ்வளவு பெரிதாகப் போடலாம்? இங்கே என் இயற்பியல் துணைப்பாடம் உதவிற்று. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துணரும். ஒரு மீட்டர் தொலைவில் அது 0.29 மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்திற்கு அங்குலத்திற்குத் தொண்ணூறு புள்ளிகள் இருந்தாலே கண் ஏமாந்துவிடும்! கையில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் முந்நூறு வேண்டும். 12 மெகாபிக்சல் கைப்பேசி தரும் படம் ஏறத்தாழ 4,000-க்கு 3,000 புள்ளிகள். 8-க்கு 12 அங்குலப் படத்தில் அங்குலத்திற்கு 330 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். கிட்டப் போய்ப் பார்த்தாலும் குறை தெரியாது. ஒரு எச்சரிக்கை: கைப்பேசிப் படத்தின் வடிவம் நான்குக்கு மூன்று, 8-க்கு 12 என்பது மூன்றுக்கு இரண்டு. எனவே ஓரம் வெட்டுப்படும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்காவிட்டால், கடைக்காரர் கொண்டையைக் கொய்துவிடுவார்.

சுருங்கிய நகல் மட்டுமே உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம். பெரிதாக்காமல் சிறிதாகப் போடுங்கள். இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அதே திருமணப் படத்தில் அப்பாயியும் பக்கத்தில் நின்ற அத்தையும் மட்டும் வருமாறு வெட்டி, மூன்றங்குல அகலத்தில் ஒரு படம் போட்டேன். அதில் அப்பாயி அவருடைய நூல் புடவையில், அவருடைய நிறத்தில், யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்பா அதை வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

அச்சிடும் தாளைப் பற்றி வேதியியல் மாணவன் இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 'கலர் லேப்' எனப்படும் கூடங்களில் வெள்ளி உப்புப் பூசிய தாளின்மேல் ஒளியால் படத்தைப் பதித்துக் கரைசல்களில் கழுவுகிறார்கள். முடிவில் வெள்ளி முழுவதும் நீங்கிச் சாயங்கள் மட்டுமே தாளில் நிற்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நிற்பதோ வெள்ளியே. அதனால்தான் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தெளிவாக இருக்க, அப்பா காலத்து வண்ணப் படம் செம்பழுப்பாக மாறிக் கிடக்கிறது. அந்நாளைய நீலச்சாயம் விரைவில் சிதைந்துவிடும். இப்போதைய தாள்கள் எவ்வளவோ மேல். இன்க்ஜெட் அச்சென்றால் நிறமி மை சாய மையைவிட வெளிச்சத்தைத் தாங்கும். கலர் ஜெராக்ஸ் இவற்றினும் மலிவு. பார்த்துப் பழகுவதற்கு அதுவும் மோசமில்லை. பளபளப்புத் தாளைவிட மங்கல் தாளே சுவருக்கு ஏற்றது.

இனிச் சட்டம். எங்கள் ஊரில் சட்டம் போடும் கடை கோயிலை ஒட்டி இருக்கிறது. முக்கால்வாசி வாடிக்கையாளர் தெய்வங்களே. மரச் சட்டம் விலை கூட. பிளாஸ்டிக்கில் வார்த்த சட்டம் பாதி விலை, கறையானும் தொடாது. இரண்டு விஷயங்களை நாமே கேட்டுப் பெற வேண்டும். படத்திற்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை ஓரம் வைக்கச் சொல்ல வேண்டும். அது அழகுக்கு மட்டுமன்று. இடைவெளி இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டாவது, பின்பக்கம் பழைய செய்தித்தாளை மடித்து வைக்க விடக்கூடாது. செய்தித்தாளில் உள்ள லிக்னின் பழுத்து அமிலமாகிப் படத்தையும் பழுப்பாக்கும். ஒரு வெள்ளைத்தாள் வைத்தால் போதும். வீட்டில் உடைந்த பழைய சட்டம் இருந்தால் கண்ணாடிக்கு மட்டும் பணம் கொடுத்து அதையே பயன்படுத்தலாம். (அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் போகும் சாமிப்பட சட்டங்களை நான் குறிப்பிடவில்லை. என் நண்பன் ஒருவன் அப்படி ஒன்றை எடுத்து வந்து அவன் அம்மாவிடம் வாங்கிய வசவு எங்கள் வகுப்பில் பிரசித்தம்.)

வெயில் நேரே விழும் சுவரிலும், மழையில் ஓதம் ஏறும் சுவரிலும், அடுப்புக்குப் பக்கத்திலும் படத்தை மாட்டக் கூடாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களே என்பீர்கள். நாட்காட்டி தொங்கும் ஆணி ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். நாட்காட்டியைக் கதவுக்குப் பின்னால் அனுப்பலாம்.

எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே, காகிதம் எதற்கு என்று என் வகுப்பு நண்பர்கள் வாதிட்டார்கள். கூகுள் போட்டோஸ் வரையறையின்றி இலவசமாய்ச் சேமித்து வைத்த வசதி 2021 ஜூன் மாதத் தொடக்கத்தில் நின்றது. இலவசமாய்க் கிடைப்பது மின்னஞ்சல் முதலிய எல்லாவற்றிற்கும் சேர்த்து 15 ஜிபி. இரண்டாண்டு தொடாத கணக்கை நீக்கலாம் என்றும் விதி இருக்கிறது. அதைவிட முக்கியமானது வேறு. அந்தப் படங்களைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். என் அம்மாவுக்குக் கடவுச்சொல் தெரியாது; சுவர் தெரியும்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். நம் துறைத் தாழ்வாரத்தில் மெண்டலீவும் மேரி கியூரியும் சர் சி. வி. இராமனும் தொங்குகிறார்கள். தொங்கட்டும், அவர்கள் முன்னால் நடந்துதான் நான் வேதியியல் படிக்கிறேன். அவர்களுக்கு எதிர்ச்சுவர் காலியாக இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்கள் தம் பெற்றோரைத் தொழில் செய்யுமிடத்தில் எடுத்த படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்து, 8-க்கு 12 அளவில் சட்டமிட்டு அங்கே மாட்டினால் என்ன? தறி நெய்பவர், செங்கல் சுடுபவர், பேருந்து ஓட்டுபவர் எல்லோரும் அங்கே இருப்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று விண்ணப்பத்தில் எழுதுகிறோம். அதற்கு முந்திய தலைமுறை எது என்று பார்க்க அக்கல்லூரியில் ஒரு சுவர் இருப்பது தகாதா? செலவைத் துறை மன்றம் ஏற்கலாம். இல்லையேல் நாங்களே ஏற்போம்.

என் கணக்கை ஒப்பிக்க வேண்டும். என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறார். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா போட்டுக்கொள்வது நான் மேல்நிலைப் பள்ளியில் அணிந்த சீருடைச் சட்டை. பையில் என் பேனா மை கசிந்த கறை இன்னும் இருக்கிறது. தை மாதம் ஒரு மாலை, வேலை முடிந்து வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "இரு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வர்றேன்" என்று எழுந்தார். இப்படியே இருக்கட்டும் என்றேன். "இந்தச் சட்டையோடயா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எடுத்தேன்.

படத்திற்கு 80 ரூபாய். அட்டை, கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்து 290. ஆக 370. மாசி முகூர்த்தத்தில் பந்தி பரிமாறிய கூலி 500 ரூபாயில் இது போகப் பேருந்துக்கும் மிச்சம் இருந்தது. சட்டக் கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எப்போ தவறினாங்க தம்பி?" என்றார். "நல்லா இருக்காங்கண்ணே, வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை படத்தைப் பார்த்தார். "அப்போ மாலை ஆணி வேணாம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வீட்டில் நாட்காட்டி ஆணியில் மாட்டினேன். "உசுரோட இருக்கும்போதே மாட்டிட்டியேடா" என்று அம்மா கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் அந்தப் பக்கம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தபோது ஆணியில் மறுபடியும் நாட்காட்டி தொங்கியது. பதறிப்போய்த் தேடினேன். எதிர்ச்சுவரில், வாசலில் நுழைபவர் கண்ணுக்கு நேராகப் புதிதாய் ஆணி அடித்துப் படம் மாட்டப்பட்டிருந்தது. அடித்தவர் அப்பா, அடிக்கச் சொன்னவர் அம்மா.

"அங்க அடுப்புப் புகை படும்டா" என்றார்.